நல்ல கை

நெகிரி செம்பிலான் வாழ் தமிழ்ப் பெருமக்கள் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, இந்தச் செய்தியைக் கேட்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள். மனித குலம் தோன்றிய நாளிலிருந்து அதன் தோளில் ஏறி உட்கார்ந்திருந்த பாரபட்சம் என்னும் பேய், லாபு வட்டாரத்துத் தோட்டம் ஒன்றின் பாலர் பள்ளியில், ஆகஸ்டு மாதத்துத் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அடியோடு ஒழிக்கப்பட்டது. ஒழித்தவர் தலைமையாசிரியை திருமதி புஷ்பவள்ளி. ஒழிப்பதற்கு ஆன காலம், போர்ட்டிக்சன் ஹோட்டல் ஒன்றில் ஒரு சனி, ஒரு ஞாயிறு. தேநீர் இடைவேளைகளும் இதில் அடக்கம்.

பயிற்சிக்குப் பெயர் 'என்னை நான் அறிவேன்'. கோலாலம்பூரிலிருந்து வந்த பயிற்றுநர் அம்மாள் ஆளுக்கொரு கைக்கண்ணாடியைக் கொடுத்து, "இதில் உங்கள் முகத்தைப் பார்க்காதீர்கள், உங்கள் பாரபட்சத்தைப் பாருங்கள்" என்றார். ரெம்பாவ் பக்கத்து ஆசிரியை ஒருத்தி பார்த்த மாத்திரத்தில் அழுதுவிட்டாள். ஆண்டு விழா நடனத்தில் சிவப்பான பிள்ளைகளாகப் பொறுக்கி முன் வரிசையில் நிறுத்துகிறாளாம். இன்னொருத்தி, வக்கீல் வீட்டுப் பையனைக் காற்றாடிக்குக் கீழேயே உட்கார வைப்பதாகச் சொல்லி மூக்கைச் சிந்தினாள். புஷ்பவள்ளி பார்த்தாள். கண்மை கொஞ்சம் கலைந்திருந்தது. துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"நான் தோட்டத்துல பொறந்தவ. ஒதுக்கி வைக்கிறதுன்னா என்னன்னு எனக்கு யாரும் பாடம் எடுக்க வேணாம். எனக்கு எல்லாப் பிள்ளையும் ஒண்ணுதான்" என்றாள்.

கைத்தட்டல். பயிற்றுநர் அம்மாளோடு படம். அந்தப் படம் ஆறு வாட்சப் குழுக்களுக்குப் போய் அத்தனையிலும் கும்பிடு வாங்கியது.

அவள் பொய் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. பொய் சொல்கிறவர்களுக்குத் தாங்கள் சொல்வது பொய் என்றாவது தெரியும்.

திங்கட்கிழமை காலை, 'அனைவரையும் அரவணைக்கும் பாலர் பள்ளி' என்று மூன்று மொழியில் அச்சடித்த பதாகை வாசலில் ஏறியது. அந்த இடம் முன்பு ஆயாக் கொட்டகையாக இருந்தது. ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளைப் போட்டுவிட்டுப் போன இடம். பால்மரம் போய் எண்ணெய்ச் செம்பனை வந்து, தோட்டத்து ஆட்களில் பாதிக்குமேல் சிரம்பானுக்கும் நீலாய்க்கும் குடிபெயர்ந்தும், பிள்ளைகளை இங்கேயே கொண்டுவந்து விட்டார்கள். காரணம் புஷ்பவள்ளிதான். நல்ல ஆசிரியை. பதாகைக்கு முன்பும் நல்ல ஆசிரியைதான்.

பள்ளி நிர்வாகக் குழுத் தலைவர் திருநாவுக்கரசு தம் பங்குக்கு வாசலில் ஒரு சரிவுப் பாதை கட்டித் தந்தார். தோட்டத்தில் கணக்கெழுதிய கடைசிக் கிராணியின் மகன். சிரம்பானில் காப்புறுதி வியாபாரம். சரிவுப் பாதையைவிட அதன் பக்கத்தில் பதித்த பளிங்குக் கல் பெரிதாக இருந்தது. கல்லில் அவர் பெயர் இருந்தது. மழை நாட்களில் அவர் தம் மோட்டாரை அந்த வழியாகத்தான் உள்ளே ஏற்றி நிறுத்துவார். வேறு சக்கரம் எதுவும் அதில் ஏறியதில்லை. பள்ளியில் சேர்ந்த ஒரே ஊனமுள்ள பிள்ளைக்கு இரண்டு காலும் குதிரை மாதிரி ஓடும், குறை கையில்தான். ஆனால் ஊனம் என்றால் சரிவுப் பாதை. அதற்கு மேல் யோசிக்கக் குழுவில் தீர்மானம் இல்லை.

அந்தப் பிள்ளை ரோகினி. ஐந்து வயது. பிறக்கும்போதே வலது கை பலவீனம். விரல்கள் தொட்டாற்சிணுங்கி இலை மாதிரி உள்பக்கம் மடங்கியிருக்கும். அதனால் என்ன? இரண்டு கைக்கான வேலையையும் இடது கை ஓவர்டைம் போட்டுச் செய்தது. மூன்று வயதில் சோற்றைப் பிசைந்து தானே சாப்பிட்டாள். நாலு வயதில் சட்டைப் பொத்தானைப் போட்டாள். ரம்புத்தான் பழத்தைப் பல்லில் கடித்து, இடது கையால் திருகி, கொட்டையைத் துப்புவதற்குள் அடுத்த பழத்தை எடுப்பாள். அம்மா புனிதாவுக்கு நீலாய்த் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. அப்பா மகேந்திரன் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறான். பிள்ளையைச் சேர்க்க அம்பாங்கான் பாலர் பள்ளியில் கேட்டார்கள், "ஆள் பத்தாது" என்றார்கள். மம்பாவில் கேட்டார்கள், "மத்த அப்பா அம்மா என்ன நினைப்பாங்க" என்றார்கள். புஷ்பவள்ளி கேள்விப்பட்டுக் கொதித்தாள். தோட்டத்து லயத்து வீட்டுக்கே நடந்துபோய், "என்கிட்ட அனுப்பு, யாரு என்ன நினைக்கிறான்னு நான் பாத்துக்குறேன்" என்றாள். புனிதா அவள் காலில் விழப் போனாள்.

அதே புனிதாதான் ஒரு வெள்ளிக்கிழமை, பள்ளி விட்ட பிறகு, தொழிற்சாலைச் சீருடையோடு வந்து வாசலில் நின்றாள். விழுகிற முகமாக இல்லை.

"டீச்சர், யாரு என் பிள்ளைக்கு இதச் சொல்லிக் குடுத்தது?"

"எத புனிதா?"

"வீட்டுல சோறு போட்டா இடது கையத் தொடைக்கு அடியில வச்சுக்குறா. ஏன்டி கண்ணுன்னா, அது கெட்ட கைங்கிறா. நல்ல கையாலதான் சாப்பிடணுமாம். நல்ல கையால எப்பிடி டீச்சர் சாப்பிடுவா? எடுக்குற சோறெல்லாம் பாயிலதான் கொட்டுது. அப்புறம் தட்டத் தள்ளிட்டு உக்காந்துக்குறா. நான் ஊட்டினா வாயத் தொறக்குறா. மூணு வயசுல தானா சாப்பிட்ட பிள்ள டீச்சர் இது. நான் நைட் ஷிப்ட் போனா அவங்க அப்பா ஊட்டணும். அவரு லாரிய விட்டு எறங்கவே நேரம் ஆயிடுது. பிள்ள பட்டினியா தூங்கிடுது."

புஷ்பவள்ளிக்கு உச்சந்தலை சுட்டது. "என் பள்ளிக்கூடத்துலயா?"

"வேற எங்க டீச்சர் அவ போறா? வீட்ல நாங்க யாரும் அந்தக் கையப் பத்தி ஒரு வார்த்தை பேசினதில்ல. அவங்க அப்பா நிறுத்திடுன்னுட்டாரு. நான்தான், டீச்சர் நல்லவங்க, சரி பண்ணுவாங்கன்னு சொல்லிட்டு வந்துருக்கேன். ஏடு தொடங்குற அன்னிக்கு வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள என் பிள்ள தன் கையால ஒரு வாய் சாப்பிடணும். இல்லன்னா நிறுத்திடுவேன்."

"யாருன்னு கண்டுபிடிச்சு, அவங்க தோலை உரிச்சு உன் கையில குடுக்குறேன்" என்றாள் புஷ்பவள்ளி. மனதாரச் சொன்னாள்.

இருந்த ஒரே கையை ஒரு பிள்ளையிடமிருந்து யாரோ பிடுங்கியிருக்கிறார்கள். அவள் கூரைக்குக் கீழே, அவள் பதாகைக்குப் பின்னால். இரவெல்லாம் அவள் கணவர் நல்லசாமி, "கொசுவா, காத்தாடி வேகத்தக் கூட்டவா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். கொசு இல்லை. கோபம்.

முதல் சந்தேகம் தலைவர் மேல். அது நியாயமான சந்தேகம், அவருடைய முகமே அப்படி.

விஜயதசமிக்குக் கோயில் மண்டபத்தில் ஏடு தொடக்கும் விழா. பிள்ளைகள் வரிசையாக வந்து, தாம்பாளத்தில் பரப்பிய பச்சரிசியில் விரலால் 'அ' எழுத வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் நடப்பதுதான். இந்த முறை சட்டமன்ற உறுப்பினரின் சிறப்பு அதிகாரி வருகிறார் என்பதால் சனிக்கிழமை ஒத்திகை வைத்தார் தலைவர். ரோகினியை முதல் ஆளாக நிறுத்தினார்.

"இந்தப் பிள்ளதான் மா நமக்கு முக்கியம். மொதப் படம் இதான். அரவணைக்கும் பள்ளின்னு போடுறோம்ல, ஆதாரம் வேணும்ல?"

ஆதாரம் தாம்பாளத்துக்கு முன்னால் வந்து உட்கார்ந்தது. இடது கையைத் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டு, மடங்கிய வலது கையை அரிசியின் மேல் வைத்தது. தலைவர் பூரித்துப் போனார்.

"பாருங்க, பாருங்க! எவ்வளவு ஒழுக்கமா சோத்தாங்கைய வைக்குது!" என்று குனிந்து, மடங்கிய விரலைப் பிடித்து நிமிர்த்தினார். அது நிமிர்கிற விரல் இல்லை. ரோகினியின் கண்ணில் தண்ணீர் வந்து நின்றது.

"விடுங்க தலைவரே!" புஷ்பவள்ளியின் குரலுக்கு மண்டபத்துப் புறாக்கள் எழும்பின. "அவ இடது கையால எழுதட்டும்."

"இடதா? பீச்சாங்கையா? சரஸ்வதி முன்னாடியா?"

இதைக் கேட்டபோது தலைவரின் வலது கையில் கைப்பேசி இருந்தது. இடது கையில் பாதி தின்ற வடை இருந்தது. மீதிப் பாதியையும் அதே கையால் வாயில் போட்டு, மென்றுகொண்டே, இடது கையின் அசுத்தத்தைப் பற்றி ஒரு நல்ல சொற்பொழிவு ஆற்றினார். முன்னோர்கள் வந்தார்கள். விஞ்ஞானமும் வந்தது. இதயம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று ஒரு குறிப்பும் வந்தது.

"அந்தப் பிள்ளைக்கு இருக்குறதே அந்தக் கைதான் தலைவரே. நீங்கதானா அவகிட்ட அது கெட்ட கைன்னு சொன்னது?"

"நானா? நான் இந்தப் பிள்ளைய இன்னிக்குத்தான் மா கிட்டத்துல பாக்குறேன்!"

அது உண்மையாக இருக்கத்தான் செய்தது. சரிவுப் பாதை கட்டியவருக்கு, அது யாருக்காக என்று பார்க்க நேரம் கிடைத்திருக்கவில்லை.

"அவ இடது கையால எழுதலன்னா நான் அன்னிக்கு மேடைக்கு வர மாட்டேன். அதிகாரி வந்து கேட்டா, ஏன் வரலைன்னு நானே போன் போட்டுச் சொல்வேன்."

தலைவர் வடையை விழுங்கினார். வியாபாரி, எங்கே விட்டுக்கொடுக்க வேண்டும் என்று தெரிந்தவர். "சரி மா, உங்க இஷ்டம். ஒண்ணு செய்வோம். அந்தப் பிள்ளைக்கு மட்டும் தனித் தட்டு வச்சிடலாம். அந்த அரிசி அப்புறம் பொங்கலுக்குப் போகுதுல்ல, சனங்க ஏதாச்சும் சொல்வாங்க."

"தனித் தட்டா?" புஷ்பவள்ளி ஓர் அடி முன்னால் வைத்தாள். "தனித் தட்டு, தனிக் கிளாஸ் எல்லாம் நம்ம தாத்தன் பாட்டன் பட்டது பத்தாதா? கப்பலேறி வந்தும் அத விடலையா நீங்க?"

மண்டபத்தில் பெருக்கிக்கொண்டிருந்த பெண்கள் துடைப்பத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். தலைவர் சுற்றிலும் பார்த்தார், கும்பிட்டார், ஒரே தட்டு என்று ஒத்துக்கொண்டார். புஷ்பவள்ளி ஜெயித்துவிட்டாள். வீட்டுக்கு நடக்கும்போது கை கால் உதறியது. நியாயத்தின் பக்கம் நிற்கிறவர்களுக்கு வரும் அந்த இனிய உதறல். அதைப் போல போதை தருவது கடையில் விற்பதில்லை.

ஆனால் குற்றவாளி இன்னும் அகப்படவில்லை. தலைவர் இல்லையென்றால், பள்ளியில் மிச்சம் இருப்பது ஒரே ஆள். உதவி ஆசிரியை டோரின்.

டோரினுக்கு முப்பது வயது. மம்பாவிலிருந்து தினமும் மோட்டாரில் வருவாள். ஞாயிறு தோறும் தேவாலயத்தில் பாடுவாள். மற்ற நாட்களில் வாய் சும்மா இருக்காது. திங்கட்கிழமை பிள்ளைகள் போன பிறகு அவளைப் பிடித்தாள் புஷ்பவள்ளி. டோரின் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"ரோகினிகிட்ட யாரு அது கெட்ட கைன்னு சொன்னது?"

"யாருமே சொல்லல டீச்சர்."

"அப்ப எப்பிடி அவ அப்படிச் சொல்றா? உன்னைத் தவிர இங்க யாரு இருக்கா?"

டோரின் நாற்காலியைக் கீழே வைத்தாள். "அய்யோ கடவுளே. நெஜமாவே தெரியாமத்தான் கேக்குறீங்களா?"

"என்ன தெரியாம?"

"டீச்சர், ஒருத்தரும் கெட்ட கைன்னு சொல்லல. ஒருத்தர் நாள் பூரா நல்ல கை, நல்ல கைன்னு சொல்றாங்க. பிள்ள மடச்சியா? இன்னொண்ணு என்னன்னு அதுவா கணக்குப் போட்டுக்காதா?"

"யாரு அந்த ஒருத்தர்?"

"நாளைக்குப் பசியாற நேரத்துல உங்க வாய நீங்களே கொஞ்சம் கேட்டுப் பாருங்க."

"என்னையா சொல்ற? என்னையா?" புஷ்பவள்ளியின் குரல் உடைந்தது. "நான் யாருன்னு தெரியுமா உனக்கு? அந்தப் பிள்ளைக்காகத் தலைவர்கிட்ட மல்லுக்கு நின்னவ நானு! உன்னை மாதிரி போனைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேனா?"

"தெரியும் டீச்சர். உங்களுக்குத்தான் பாரபட்சமே கிடையாதே. வாட்சப்புல பாத்தேன்."

மீதி நாற்காலிகள் தேவைக்கு மேல் சத்தமாக அடுக்கப்பட்டன.

செவ்வாய்க்கிழமை பசியாற மீகூனும் ரொட்டியும் மைலோவும். புஷ்பவள்ளி தன் வாயைக் காவல் காக்கும் போலீஸ்காரி போல வகுப்பில் நடந்தாள். ஒன்றும் இல்லை. ஒரு தவறான வார்த்தைகூட இல்லை. டோரினை எப்படித் திட்டலாம் என்று மனதுக்குள் வாக்கியம் அமைக்க ஆரம்பித்தாள். அந்த நேரம் யோகேந்திரன் என்ற வாண்டு இடது கையால் ரொட்டியை எடுத்தான்.

"யோகா, நல்ல கையால எடு சாமி."

மூச்சு விடுவதைப் போல வெளியே வந்தது. சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. சுவரோரம் நின்ற டோரின் கூரையைப் பார்த்தாள். கூரையில் பார்க்க ஒன்றும் இல்லை.

புஷ்பவள்ளி நாலு எட்டு நடந்து ரோகினியின் மேசைக்கு வந்தாள். தட்டுக்கு இடது பக்கம் கரண்டி கிடந்தது. குனிந்து, அதை எடுத்து, வலது பக்கம் நேராக வைத்தாள். வைத்த தன் கையை அவளே பார்த்தாள். யார் சொல்லி அது போனது? எத்தனை நாளாக இப்படிப் போய்க்கொண்டிருக்கிறது?

ரோகினி அவள் வருவதைக் கண்டதுமே இடது கையைத் தொடைக்கு அடியில் ஒளித்திருந்தாள். கடையில் திருடி மாட்டிக்கொண்ட ஆள் பையை ஒளிப்பது போல.

புஷ்பவள்ளி முட்டி போட்டு உட்கார்ந்தாள். "ரோகினி, அந்தக் கைய எடும்மா. அதுவும் நல்ல கைதான். ரெண்டும் நல்ல கைதான்."

பிள்ளை அவளை ஏற இறங்கப் பார்த்தது. "பொய்."

"பொய்யில்லடா. டீச்சர் எப்பவாச்சும் உன்னைத் திட்டியிருக்கேனா? அடிச்சிருக்கேனா?"

"இல்ல." ரோகினி கொஞ்சம் யோசித்தாள். "டீச்சர் மூக்கு இப்பிடி ஆவும்."

சொல்லிவிட்டு மூக்கைச் சுருக்கிக் காட்டினாள். சாக்கடைப் பக்கம் போகிறவர்கள் சுருக்குவது போல, மிகச் சின்னதாக, மிகச் சரியாக. பக்கத்துப் பிள்ளைகள் சிரித்தன. அவர்களுக்கும் அந்த மூக்கைத் தெரிந்திருந்தது. வகுப்பில் அதைத் தெரியாத ஒரே ஆள் அதை வைத்திருந்தவள்தான். போர்ட்டிக்சன் கண்ணாடியில் அது விழவில்லை. கண்ணாடியைப் பார்த்து யாரும் மூக்கைச் சுருக்குவதில்லை.

உண்மை தெரிந்ததும் புஷ்பவள்ளி அழுதாள் என்று எழுதினால் நன்றாக இருக்கும். அவள் கத்தினாள். பிள்ளைகள் போகும்வரை காத்திருந்து, டோரினைக் குசினிக்குள் இழுத்துக் கத்தினாள்.

"இத்தனை வாரமா பாத்துக்கிட்டுத்தானே இருந்த? ஒரு வார்த்தை சொன்னியா?"

"சொல்லியிருந்தா கேட்டிருப்பீங்களா?"

"கேக்குறேன் கேக்கல, உனக்கு வாய் இல்லையா? மத்ததுக்கெல்லாம் இருக்குதே! பிள்ள பட்டினி கெடக்குது, நீ வேடிக்கை பாத்திருக்க!"

"வேடிக்கை பாக்கல டீச்சர். கெசியானா, பாவமா இருந்துச்சு. நான்தான் நீங்க அந்தப் பக்கம் போனதும் அவளுக்கு ஊட்டி விடுவேன்."

"ஊட்டி விட்டியா?" புஷ்பவள்ளி இடுப்பில் கையை வைத்தாள். "நான் கையப் பிடுங்கினேன், நீ அது தேவையில்லன்னு காட்டிட்ட. சறுக்கு மரத்துல அவளை ஒரு தடவை ஏற விட்டிருக்கியா நீ? பாவம் பாவம்னு இடுப்புலயே தூக்கி வச்சிருக்க. அவ கால்ல என்ன கொறை?"

டோரின் அலமாரிப் பக்கம் திரும்பினாள். மைலோ டின்னை மூடினாள். மூடிய டின்னை மறுபடியும் மூடினாள். "விழுந்துடுவாளோன்னு..." என்றாள்.

"மத்த பிள்ளைங்க விழுறதில்லையா?"

இரண்டு பேரும் அந்தக் குசினியில் நின்று ஒருத்தியை ஒருத்தி முறைத்துக்கொண்டார்கள். பாரபட்சம் ஒழிந்த பள்ளியில் பணியாற்றிய ஆசிரியர்கள் மொத்தம் அந்த இரண்டு பேர்தான்.

விழாவுக்கு மிச்சமிருந்த நாட்களில் புஷ்பவள்ளி 'நல்ல கை' என்ற சொல்லை வாயிலிருந்து பிடுங்கி எறிந்தாள். கரண்டியைத் தட்டின் நடுவில் வைத்தாள். தானே இடது கையால் மீகூன் சாப்பிட்டுக் காட்டினாள். பாதி மடியில் விழுந்தது. ரோகினி அதைக் கவனமாகப் பார்த்தாள், டோரினிடம் திரும்பி, "டீச்சருக்குக் கை வலிக்குதா?" என்று கேட்டாள். வியாழக்கிழமை, புஷ்பவள்ளி முதுகைக் காட்டித் திரும்பி நின்றபோது, இடது கை ஒரு நொடி மேசைக்கு மேல் வந்து ஒரு ரொட்டித் துண்டைத் தொட்டது. டோரின்தான் பார்த்தாள். வாயைத் திறக்காமல் கண்ணால் சொன்னாள். புஷ்பவள்ளி அப்படியே சுவரைப் பார்த்து நின்றாள், மூச்சைப் பிடித்துக்கொண்டு. கை மறுபடியும் உள்ளே போய்விட்டது.

"இப்பிடியே விட்டா வந்துடும் டீச்சர்" என்றாள் டோரின். "யாரும் அவளையே பாக்காம இருந்தா போதும். அன்னிக்கு மேடையில மொத ஆளா வேணாம். கடைசியா, கூட்டம் கலையும்போது எழுதட்டும். படமும் வேணாம்."

புஷ்பவள்ளி சரி என்றாள். சரி என்றபோது மனதாரத்தான் சொன்னாள். எப்போதும் போல.

விஜயதசமி அன்று மண்டபம் நிறைந்திருந்தது. சிறப்பு அதிகாரி ரவிச்சந்திரன் பாத்தேக் சட்டையில் வந்தார். தலைவர் சால்வை போட்டார். புனிதா விடுப்புப் போட்டு வந்து, மகேந்திரனோடு முன் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பிள்ளைகள் ஒவ்வொருவராக அரிசியில் எழுதினார்கள். ரோகினி, டோரின் பக்கத்தில், வரிசையின் கடைசியில், யாரும் பார்க்காத இடத்தில் நின்றாள். பார்க்காததால் அவளுடைய இடது கை வெளியே இருந்தது. டோரினின் சேலை முந்தானையைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தது. புனிதா அதைப் பார்த்துவிட்டாள். கணவனின் முழங்கையை இடித்துக் காட்டினாள்.

இன்னும் மூன்று பிள்ளைகள் பாக்கி. அப்போதுதான் தலைவர் ஒலிவாங்கியைப் புஷ்பவள்ளியிடம் நீட்டி, "தலைமையாசிரியை இரண்டு வார்த்தை பேசுவார்" என்றார்.

இரண்டு வார்த்தையோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவள் நெஞ்சு நிறைந்திருந்தது. குற்ற உணர்ச்சி நிறைந்த நெஞ்சும் பெருமை நிறைந்த நெஞ்சும் வெளியிலிருந்து பார்க்க ஒரே அளவுதான்.

"பெரியோர்களே, நான் ஒரு குற்றவாளி" என்று ஆரம்பித்தாள்.

பின்னால் சாம்பார் கிண்டியவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். புஷ்பவள்ளி பேசினாள். பாரபட்சம் தனக்கு இல்லை என்று மார் தட்டியதைச் சொன்னாள். மூக்கைச் சொன்னாள். கரண்டியைச் சொன்னாள். குரல் நடுங்கவேண்டிய இடத்தில் தானாகவே நடுங்கியது. "ஒரு குழந்தையின் கையை நான் களவாடினேன். அந்தக் குழந்தை இதோ இங்கேதான் இருக்கிறது" என்றாள். திரும்பினாள். கையை நீட்டினாள். "ரோகினி, வாம்மா. அந்த இடது கையைத் தூக்கிக் காட்டும்மா. அந்தக் கையைத்தான் இன்று நாம் எல்லோரும் கும்பிட வேண்டும்."

முந்நூறு தலைகள் திரும்பின. கைப்பேசிகள் உயர்ந்தன. முந்நூறு பேர் ஓர் ஐந்து வயதுப் பிள்ளையின் ஒரு கையைப் பார்த்தார்கள்.

கை முந்தானையை விட்டது. பின்னால் போனது. பாவாடைக்குள் மறைந்தது. ரோகினி தரையில் உட்கார்ந்து அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"பிள்ளைக்கு வெக்கம்" என்றார் தலைவர், அதிகாரியிடம்.

புனிதா எழுந்து வந்தாள். மேடை ஏறவில்லை, மேடையைச் சுற்றி நடந்தாள். டோரின் அதற்குள் குனிந்து பிள்ளையைத் தூக்கப் போயிருந்தாள். புனிதா அவள் கையையும் தட்டிவிட்டாள்.

"டீச்சர், உங்க பாவத்தக் கழுவ என் பிள்ளதான் தண்ணியா? வெளிய வந்துச்சு டீச்சர் அந்தக் கை. நான் என் கண்ணால பாத்தேன். ஏன் டீச்சர் கூப்பிட்டீங்க? யாரு உங்களைக் கூப்பிடச் சொன்னது?"

ஒலிவாங்கி அணைக்கப்படாததால் இது எல்லோருக்கும் கேட்டது. புஷ்பவள்ளி வாயைத் திறந்தாள். கோபம் வரும் என்று பார்த்தாள். வழக்கமாக வரும் அது, யார் மேலாவது வரும். இந்த முறை போய் உட்கார அதற்கு ஆள் கிடைக்கவில்லை.

நல்ல வேளையாகத் தலைவர் கைத்தட்ட ஆரம்பித்தார். மண்டபம் சேர்ந்துகொண்டது. அம்மாவின் கண்ணீரும் ஆசிரியையின் கண்ணீரும் ஒரே மண்டபத்தில் என்றால் யாருக்குத்தான் தட்டத் தோன்றாது? அதிகாரி ரவிச்சந்திரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இவ்வளவு துணிச்சலான பேச்சைத் தம் பணிக்காலத்தில் கேட்டதில்லை என்றார். அந்தக் காணொளி சாம்பார் இறங்குவதற்குள் சிரம்பானைத் தாண்டிவிட்டது. பயிற்றுநர் அம்மாள் கோலாலம்பூரிலிருந்து அழைத்து, அடுத்த மாதப் பயிற்சிக்குச் சிறப்புப் பேச்சாளராக வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். இப்படிப்பட்ட ஆசிரியையைப் பெற்ற பள்ளிக்கு இன்னொரு பளிங்குக் கல் பதிக்கப்படும் என்று தலைவர் அங்கேயே அறிவித்தார்.

கீழே பந்தியில் புனிதா ரோகினிக்கு ஊட்டினாள்.